நாள்பட்ட இருமலுக்கு அக்குபஞ்சர், சீன மருந்து: போகலாமா?

கேள்வி சுருக்கமா இதுதான். அம்மாவுக்கு 58 வயசு, ஏழு மாசமா வறட்டு இருமல், சளின்னு பெருசா ஒன்னும் வர்றதில்ல, பேச ஆரம்பிச்சா இருமல், சிரிச்சா இருமல், ஏசி காத்து பட்டா இருமல். எக்ஸ்ரே நார்மல், ரெண்டு ரவுண்டு ஆன்ட்டிபயாடிக் முடிஞ்சாச்சு, நாலஞ்சு சிரப் மாத்தியாச்சு, பிரஷருக்கு ஒரு மாத்திரை தினமும் போகுது. தெரிஞ்சவங்க அக்குபஞ்சர் போங்க, கூடவே சீன மூலிகைப் பொடியும் எடுங்கன்னு சொல்றாங்க, ஊசின்னா அம்மாவுக்கு பயம், அதனால பொடி மட்டும் எடுத்துக்கலாமான்னு கேட்டிருக்கீங்க.

நான் நுரையீரல் நோயாளிகளுக்கான மறுவாழ்வு சிகிச்சையில வேலை பாக்குறேன், முறையா படிச்ச அக்குபஞ்சர் ஆளுங்களோட சேர்ந்தும் நிறைய கேஸ் பாத்திருக்கேன். என் பதில் உங்க கேள்விக்கு நேர் தலைகீழ். சில செக்கப் முடிச்சுட்டு, நடக்குற வைத்தியத்தோட சேர்த்து ஊசிய ஒரு தடவ முயற்சி பண்ணிப் பாக்கலாம், பொடி விஷயத்துலதான் ரொம்ப யோசிக்கணும். ஜனங்க ஊசிய பாத்து நடுங்குறாங்க, மூலிகைன்னு சொன்னா என்ன ஏதுன்னு கேக்காம வாங்கி கலக்கி குடிச்சுடுறாங்க. ஏன் அப்படி சொல்றேன்னு விளக்கமா எழுதுறேன், நீளமா போகும், பொறுமையா படிங்க.

முதல்ல பேரு சரி பண்ணிக்கலாம். பெரியவங்களுக்கு மூணு வாரத்துக்குள்ள அடங்குற இருமல் சாதாரண சளிக்காய்ச்சல் இருமல், மூணுலருந்து எட்டு வாரம் நடுவாந்தரம், எட்டு வாரம் தாண்டுனா அதுதான் நாள்பட்ட இருமல். குழந்தைங்களுக்கு நாலு வாரமே அந்த கணக்குல வந்துடும். பெரியவங்கள்ல பத்துல ஒருத்தருக்கு கிட்ட இந்த தொல்லை இருக்கு, அதுலயும் ஸ்பெஷலிஸ்ட்டை தேடி வர்றவங்கள்ல 50, 60 வயசு பொம்பளைங்க அதிகம், அதனால உங்க அம்மா ஒன்னும் அபூர்வமான கேஸ் கிடையாது. "வெறும் இருமல்தானே"ன்னு வீட்ல சொல்லுவாங்க, ஆனா இருமி இருமி விலா எலும்புல விரிசல் விட்டவங்க, மயக்கம் போட்டு விழுந்தவங்க, இருமுறப்ப சிறுநீர் கசியுதுன்னு கல்யாணம் காட்சிக்கே போறத நிறுத்தினவங்க எல்லாம் இருக்காங்க, கடைசியா சொன்னத வெளிய சொல்லவே மாட்டாங்க, நாமதான் கேக்கணும்.

இப்ப ஊசிக்கு முன்னாடி பாக்க வேண்டியது. அம்மா சாப்பிடுற பிரஷர் மாத்திரை அட்டைய எடுத்து பின்னாடி இருக்க மருந்து பேர படிங்க. எனலாப்ரில், ரமிப்ரில், லிசினோப்ரில், பெரிண்டோப்ரில்னு "ப்ரில்"ல முடியுற பேரா இருந்தா, அந்த மருந்தே இருமல கிளப்பும். உடம்புல பிராடிகினின்னு ஒரு பொருள் இருக்கு, அத உடைக்கிற என்சைமத்தான் இந்த மாத்திரை தடுக்குது, அதனால அது சேர்ந்து மூச்சுக்குழாய் நரம்ப உறுத்திக்கிட்டே இருக்கும். வறட்டு இருமல், தொண்டையில குறுகுறுப்பு, சளி கிடையாது, அச்சு அசல் நீங்க எழுதியிருக்க மாதிரியே இருக்கும். மாத்திரை ஆரம்பிச்சு பல மாசம் கழிச்சு கூட இது வரலாம், அதனாலதான் யாரும் ரெண்டையும் முடிச்சு போட்டு பாக்குறதில்ல. நீங்களா நிறுத்திடாதீங்க, டாக்டர்கிட்ட சொன்னா லோசார்ட்டான், டெல்மிசார்ட்டான் மாதிரி வேற வகைக்கு மாத்தி குடுப்பாங்க. மாத்தினப்புறம் பெரும்பாலும் ஒன்னுலருந்து நாலு வாரத்துல அடங்கிடும், சிலருக்கு மூணு மாசம் வரைக்கும் இழுக்கும். இத பாக்காம பத்து தடவ ஊசி போட்டு, பதினோராவது தடவ எவனோ மாத்திரைய மாத்தி இருமல் நின்னு, ஊசிக்கு பேர் வந்த கதையும் நடக்கும்.

மாத்திரை காரணம் இல்லன்னா அடுத்து மூணு இடம். ஒன்னு மூக்கு, அலர்ஜியோ சைனஸோ இருந்து நீர் தொண்டைக்கு பின்னாடி இறங்கிக்கிட்டே இருக்கறது. ரெண்டாவது ஆஸ்துமா, இதுல வீசிங் சத்தமே இல்லாம இருமல் மட்டும் வர்ற வகை ஒன்னு இருக்கு, எக்ஸ்ரேல தெரியாது, ஸ்பைரோமெட்ரின்னு ஊதிப் பாக்குற டெஸ்ட் எடுக்கணும், அதுலயும் நார்மல்னு வந்து இன்ஹேலர் குடுத்து பாத்தப்புறம்தான் பிடிபடுறதும் உண்டு. ஆஸ்துமாவே இல்லாம சளியில இயோசினோஃபில்னு ஒரு வகை வெள்ளை அணு ஏறி நிக்கிற ஒரு வகையும் இதே குடும்பம்தான். மூணாவது வயிறு, அமிலம் மேல ஏறி வர்றது, நெஞ்செரிச்சலே இல்லாம இருமலா மட்டும் காட்டுறவங்களும் இருக்காங்க. புகை பிடிக்கிறவங்கன்னா அது தனி.

டிபி சந்தேகத்துக்கு ரெண்டு வாரம் இருமலே போதும், சளி டெஸ்ட் எடுத்துடணும். சளியில ரத்தம், எடை குறையறது, சாயங்காலம் காய்ச்சல், ராத்திரி வேர்த்துக் கொட்டறது, மூச்சு வாங்கறது, குரல் மாறி வாரக்கணக்கா கரகரன்னு இருக்கறது, சாப்பிடுறப்ப புரை ஏறிக்கிட்டே இருக்கறது, இதுல ஒன்னு இருந்தாலும் அக்குபஞ்சர் பேச்சையே எடுக்காதீங்க, நேரா நுரையீரல் டாக்டர்கிட்ட போங்க. நார்மல் எக்ஸ்ரேன்னா எல்லாம் சரின்னு அர்த்தம் கிடையாது, நுரையீரல் திசு தடிச்சுப்போற வியாதி ஆரம்பத்துல எக்ஸ்ரேல மாட்டாம சிடி ஸ்கேன்லதான் தெரியவே வரும்.

இதெல்லாம் பாத்து, வேண்டிய மருந்து குடுத்தும் நிக்காத ஒரு கூட்டம் மிச்சம் இருக்கு, அங்கதான் இந்த சப்போர்ட் வைத்தியம் பத்தின பேச்சுக்கே அர்த்தம் வருது. இவங்களுக்கு இருமல் நரம்பே தொட்டாச்சிணுங்கி ஆகிப்போயிருக்கும். வேகஸ்னு ஒரு நரம்பு, தொண்டை, குரல்நாண், மூச்சுக்குழாய், உணவுக்குழாய் எல்லாத்துலருந்தும் தகவல் எடுத்துட்டு மூளைக்கு போறது இதுதான், ஒரு வைரஸ் காய்ச்சலுக்கு அப்புறமோ வேற எதனாலயோ அதோட உணர்ச்சி அளவு ஏறி நின்னுடும். அப்புறம் வாசனைத் திரவியம், குளிர் காத்து, பேச்சு, சிரிப்பு, ஒரு வாய் தண்ணி, இதுவே போதும் இருமல கிளப்ப. உங்க அம்மா அடையாளம் எல்லாம் இதத்தான் சொல்லுது, ஆனா மாத்திரை சமாச்சாரம் தெரியாம நான் முடிவா சொல்ல முடியாது.

இந்த வகைக்கு நவீன மருத்துவத்துலயும் பெரிய ஆயுதம் கிடையாது, அத மறைக்கிறதுல பிரயோஜனம் இல்ல. நரம்பு மருந்துகளான கபாபென்டின், அமிட்ரிப்டிலின், ரொம்ப குறைஞ்ச அளவு மார்ஃபின் இதெல்லாம் சிலருக்கு கேக்குது, தூக்கம், மலச்சிக்கல், தலை சுத்தல்னு விலை குடுக்கணும். ஜெஃபாபிக்சன்ட்னு இதுக்குன்னே வந்த மாத்திரை ஜப்பான்ல 2022ல, ஐரோப்பாவுல 2023ல அனுமதி வாங்குச்சு, அமெரிக்காவுல மருந்துக்கு அனுமதி குடுக்குற எஃப்டிஏ ரெண்டு தடவ திருப்பி அனுப்பிடுச்சு. காரணம் கவனிக்க வேண்டியது: பெரிய ஆய்வுல மருந்து எடுத்தவங்களுக்கு இருமல் எண்ணிக்கை 60 சதவீதத்துக்கு மேல குறைஞ்சுது, வெறும் டம்மி மாத்திரை எடுத்தவங்களுக்கும் பாதிக்கு மேல குறைஞ்சுது! மருந்து எடுத்தவங்கள்ல நிறைய பேருக்கு நாக்கு ருசி வேற கெட்டுப்போச்சு. இந்த பாதிக்கு மேலங்கிறத மனசுல வெச்சுக்கோங்க. நாள்பட்ட இருமல்ல டம்மிக்கே இவ்ளோ மாற்றம் வருது, அதனால "நாலு தடவ ஊசி போட்டேன், இருமல் பாதியா குறைஞ்சுது"ன்னு ஒருத்தர் சொன்னா அவர் பொய் சொல்லல, ஆனா ஊசிதான் குறைச்சுதுன்னு அதுலருந்து நிரூபணம் ஆகிடாது.

சரி, சீன மருத்துவம் இருமல எப்படி பாக்குது? எனக்கு அதுல ரொம்ப பிடிச்ச ஒரு விஷயம் இருக்கு. ஹுவாங்டி நெய்ஜிங்னு சுமார் 2000 வருஷம் பழசான அவங்களோட மூல நூல்ல 38வது அத்தியாயம் முழுக்க இருமல் பத்திதான், அதுல மன்னர் நுரையீரல்தான இருமலுக்கு காரணம்னு கேப்பாரு, பதில் சொல்றவரு நுரையீரல் மட்டும் இல்ல, எல்லா உறுப்பும் இருமல உண்டாக்கும்னு சொல்லுவாரு. இன்னைக்கு மூக்க பாரு, வயித்த பாருன்னு நாம சொல்றதோட இது ஒத்துப்போகுதேன்னு தோணும், அந்த பழைய ஆளுங்க நோயாளிய உட்கார வெச்சு கூர்ந்து கவனிச்சிருக்காங்க. அதுக்காக அவங்க சொல்ற "நுரையீரல் சி (உடம்புல ஓடுறதா அவங்க சொல்ற உயிர்சக்தி) கீழ இறங்காம மேல திரும்புது", "மண்ணீரல் பலவீனத்துல சளி கட்டுது"ங்கிறத எல்லாம் உடற்கூறியல் உண்மையா எடுத்துக்க வேண்டாம், அது ஒரு வகைப்படுத்துற முறை. உலக சுகாதார நிறுவனம் ஐசிடி 11ங்கிற உலக நோய்ப் பட்டியல்ல பாரம்பரிய மருத்துவத்துக்கு ஒரு அத்தியாயம் ஒதுக்கி இந்த வகைப்பாட்ட சேர்த்திருக்கு, அத காட்டி "உலக அளவுல நிரூபிச்சாச்சு"ன்னு விளம்பரம் பண்றாங்க, அது கணக்கெடுப்புக்கான பட்டியல், வேலை செய்யுதுங்கிற சான்றிதழ் கிடையாது.

முதல் தடவ போனா என்ன நடக்கும்னு அம்மாவுக்கு சொல்லிடுங்க, பாதி பயம் போயிடும். நல்ல ஆளா இருந்தா முதல்ல அரை மணி நேரம் கேள்விதான்: இருமல் காலையிலயா ராத்திரியா, சளி வெள்ளையா மஞ்சளா ஒட்டுதா, தாகம் இருக்கா, வாய் காயுதா, தூக்கம் எப்படி, மலம் எப்படி. நாக்க நீட்ட சொல்லி நிறம், மேல படிஞ்சிருக்க மாவு, ஓரத்துல பல்லு பதிஞ்ச தடம் எல்லாம் பாப்பாங்க, ரெண்டு மணிக்கட்டுலயும் மூணு மூணு விரல் வெச்சு நாடி பாப்பாங்க. அதுக்கப்புறம் படுக்க வெச்சு ஊசி. மருந்து ஏத்துற ஊசி மாதிரி உள்ள ஓட்டையெல்லாம் கிடையாது, கால் மில்லிமீட்டர் தடிமன் இருக்க கம்பிதான், போடுறப்ப எறும்பு கடிச்ச அளவு சுருக்குன்னு இருக்கும், அப்புறம் அந்த இடத்துல கனமா, மந்தமா, சில சமயம் கரண்ட் ஓடுற மாதிரி ஒரு உணர்ச்சி வரும், அத அவங்க எதிர்பாக்குறாங்க, வந்தா நல்லதுன்னு சொல்லுவாங்க. இருபதுலருந்து முப்பது நிமிஷம் அப்படியே விட்டுட்டு எடுத்துடுவாங்க.

இருமலுக்கு வழக்கமா எடுக்குற புள்ளிங்க: மணிக்கட்டுக்கு கொஞ்சம் மேல கட்டைவிரல் பக்கம் லியேச்சுவே, முழங்கை மடிப்புல சுசே, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல ஹேகு, சளி இருந்தா கெண்டைக்கால் பக்கம் ஃபெங்லோங், முழங்காலுக்கு கீழ ஜூசான்லி, முதுகுல மூணாவது மார்பு முள்ளெலும்புக்கு ரெண்டு பக்கமும் ஃபெய்ஷூ, கழுத்துக்கு கீழ குழிஞ்ச இடத்துல தியென்தூ. இத எதுக்கு எழுதுறேன்னா, அவங்க நெஞ்சுலயும் முதுகுலயும் எங்க குத்துறாங்கன்னு நீங்க தெரிஞ்சு வெச்சிருக்கணும், அந்த கதை கீழ வருது.

வேலை செய்யுதா? நேர்மையா சொன்னா, நாள்பட்ட இருமலுக்கு மட்டும்னு பாத்தா ஆதாரம் பலவீனம். வந்திருக்க ஆய்வுகள்ல பெரும்பாலும் சின்ன எண்ணிக்கை, நிறைய சீனாவுல நடந்தது, ஊசியையும் மூலிகையையும் வழக்கமான மருந்தையும் சேர்த்து குடுத்துட்டு மொத்தமா பலன்னு எழுதியிருப்பாங்க, நோயாளிக்கும் தெரியும் வைத்தியருக்கும் தெரியும் எது நிஜம்னு. பொய் ஊசி ஒன்னு இருக்கு, மேஜிக் கத்தி கணக்கா கைப்பிடிக்குள்ள சுருங்கிக்கும், தோல துளைக்காது, 1998லருந்து ஆய்வுல பயன்படுத்துறாங்க, அத வெச்சு ஒழுங்கா பண்ணின இருமல் ஆய்வு கையளவு கூட தேறாது. பக்கத்து வியாதியில ஒரு நல்ல ஆய்வு இருக்கு: 2012ல ஜப்பான்ல சிஓபிடிங்கிற நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய் இருக்க 68 பேரை ரெண்டா பிரிச்சு 12 வாரம் நிஜ ஊசி, பொய் ஊசி போட்டு பாத்தாங்க, ஆறு நிமிஷம் நடந்தப்புறம் வர்ற மூச்சு வாங்கல் நிஜ ஊசி குழுவுக்கு தெளிவா குறைஞ்சுது. ஆனா அது மூச்சு வாங்கல், இருமல் கிடையாது, 68 பேர்ங்கிறதும் சின்ன எண்ணிக்கைதான்.

அப்ப எதுக்கு போகலாம்னு சொல்றேன்? ரெண்டு காரணம். ஒன்னு, நரம்பு தூண்டுதல் வழியா பலன் வரலாம்ங்கிறது நம்பவே முடியாத கதை கிடையாது. காதுக்குள்ள பட்ஸ் விட்டா சிலருக்கு இருமல் வரும், கவனிச்சிருப்பீங்க, வேகஸ் நரம்போட ஒரு கிளை காதுக்கு போகுது, அதுக்கு ஆர்னால்ட் நரம்புன்னு பேரு, நாள்பட்ட இருமல் இருக்கவங்கள்ல இந்த காது இருமல் மத்தவங்களவிட அதிகமா இருக்கு. உடம்போட ஒரு இடத்துல தொட்டா இன்னொரு இடத்து இருமல் மாறுதுங்கிறதுக்கு இது கண்ணெதிர் சாட்சி. ஊசி போட்டா எண்டார்ஃபின்னு உடம்பே தயாரிக்கிற மார்ஃபின் மாதிரி பொருள் சுரக்குதுன்னும் ஆய்வுகள் இருக்கு, குறைஞ்ச அளவு மார்ஃபின் இருமல அடக்குதுன்னு மேல சொன்னேன்ல, ரெண்டையும் சேர்த்தா ஒரு ஊகம் கிடைக்குது, ஊகம்தான். ரெண்டாவது காரணம் எளிமையானது, சரியான கையில ஊசியோட ஆபத்து குறைவு, ஏழு மாசம் இருமினவங்களுக்கு தூக்கமும் பதட்டமும் கொஞ்சம் சீரானாலே அது ஒரு லாபம்தான்.

ஆபத்து குறைவுன்னா எவ்ளோன்னு பாப்போம். ஜெர்மனியில சுமார் 2,29,000 பேரை கவனிச்சு 2009ல ஒரு அறிக்கை வந்துச்சு, 8.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு பக்கவிளைவு, பெரும்பாலும் லேசா ரத்தம் கசியறது, நீலம் பாயறது, வலி. நுரையீரல் ஓட்டையாகி காத்து வெளிய கசிஞ்சது ரெண்டு பேருக்கு. ரெண்டே ரெண்டுன்னா சந்தோஷம்தான், ஆனா அந்த ரெண்டு ஏன் நடக்குதுன்னு தெரிஞ்சுக்கணும். ஃபெய்ஷூன்னு முதுகுல சொன்னேன்ல, அந்த இடத்துல ஒல்லியான ஆளுக்கு தோலுக்கும் நுரையீரல் உறைக்கும் நடுவுல ரெண்டு மூணு சென்டிமீட்டர்கூட இருக்காது, அதனால படிச்சவங்க அங்க நேரா குத்த மாட்டாங்க, சாய்ச்சு ஆழம் கம்மியா விடுவாங்க. தியென்தூ இன்னும் மோசம், பின்னாடியே மூச்சுக்குழாய், பக்கத்துல பெரிய ரத்தக்குழாய். நடு நெஞ்செலும்புல கூட சிலருக்கு பிறவியிலேயே ஒரு ஓட்டை இருக்கும், அது அவங்களுக்கே தெரியாது, அந்த வழியா ஊசி இதயம் வரைக்கும் போய் உயிர் போன சம்பவம் மருத்துவ இதழ்கள்ல பதிவாகியிருக்கு. அதனால அம்மா விஷயத்துல நான் சொல்றது, கை கால் காது புள்ளிங்க மட்டும் போதும்னு முதல்லயே கேட்டுடுங்க, நெஞ்சு முதுகு வேணாம். நல்ல வைத்தியர் கோச்சுக்க மாட்டாரு, கோச்சுக்கிட்டா அந்த ஆள் வேணாம்.

ஊசி ஒரு தடவ பயன்படுத்தி தூக்கிப்போடுறதா, பாக்கெட்ட உங்க கண்ணு முன்னாடி பிரிக்கிறாங்களான்னு பாருங்க. வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாம இருக்க மருந்து எடுத்தா முன்னாடியே சொல்லணும், பேஸ்மேக்கர் இருந்தா ஊசியில கரண்ட் விடுற வகை கூடாது. வெறும் வயித்துல போகாதீங்க, தலை சுத்தும். ஊசி போட்டு வந்த அன்னைக்கோ மறுநாளோ திடீர்னு ஒரு பக்கம் நெஞ்சு குத்தி மூச்சு வாங்குனா, சரியாயிடும்னு காத்திருக்காம அவசர சிகிச்சைக்கு போய் "ஊசி போட்டிருக்கேன்"னு சொல்லணும், இத சொல்லாம விட்டாதான் டாக்டருக்கு பிடிபட நேரமாகும்.

இப்ப பொடிக்கு வருவோம், இங்கதான் நான் கொஞ்சம் கறாரா பேசுவேன். சீன மருந்துல இருமலுக்குன்னு நூத்துக்கணக்கான கூட்டு மருந்து இருக்கு, அதுல சிலது நிஜமாவே சுவாரசியமானது. மாய்மென்தோங் தாங்னு ஒன்னு, சுமார் 1800 வருஷத்துக்கு முன்னாடி ஜாங் ஜோங்ஜிங்ங்கிற வைத்தியர் எழுதினது, ஓஃபியோபோகன் கிழங்கு, பினெல்லியா, ஜின்செங், அதிமதுரம், இலந்தை, அரிசி, இவ்ளோதான் சேர்மானம், தொண்டை காஞ்சு வர்ற வறட்டு இருமலுக்கு. இது ஜப்பானுக்கு போய் பாகுமோன்டோதோன்னு பேர் மாறி, அங்க தொழிற்சாலையில தயாராகுற தரப்படுத்தின குறுணையா டாக்டர் சீட்டுல எழுதுறாங்க, தேசிய காப்பீட்டுல வருது. அதே ஜோங்ஜிங் சொன்ன இன்னொன்னு பான்ஷியா ஹோபு தாங், தொண்டையில கறித்துண்டு மாட்டுன மாதிரி இருக்கு, முழுங்கவும் முடியல துப்பவும் முடியலன்னு சொல்றவங்களுக்கு. நாள்பட்ட இருமல்காரங்க பாதி பேர் இதே வாக்கியத்த என்கிட்ட சொல்லியிருக்காங்க, அதனால அத படிச்சப்ப எனக்கே சிரிப்பு வந்துச்சு. 1732ல வந்த ஜிசோ சான்ங்கிற பொடி சளிக்காய்ச்சலுக்கு அப்புறம் இழுத்துக்கிட்டே போற இருமலுக்கு இன்னைக்கும் ஓடுது.

ஆனா இதே ஜப்பான் மாய்மென்தோங் குறுணையோட எச்சரிக்கை சீட்ட படிச்சா என்ன இருக்குன்னு தெரியுமா, அரிதா நுரையீரல் திசு அழற்சி வரலாம், அதோட அறிகுறி வறட்டு இருமல், மூச்சு வாங்கல், காய்ச்சல். இருமலுக்கு எடுக்குற மருந்து அரிதா இருமல் வர்ற வியாதிய குடுக்கலாம்னு தயாரிப்பாளரே எழுதி வெச்சிருக்கான், பேர் போடாத டப்பாவுல வர்ற பொடிக்கு இந்த சீட்டே இருக்காது. அதிமதுரம் அடுத்தது, இருமல் கூட்டு மருந்துல முக்காவாசில இது இருக்கும், தொடர்ந்து எடுத்தா உடம்புல பொட்டாசியம் இறங்கும், பிரஷர் ஏறும், கால் வீங்கும். உங்க அம்மாவுக்கு ஏற்கனவே பிரஷர். பிரஷர் மாத்திரையோட நீர் பிரியுற மாத்திரையும் சேர்ந்திருந்தா பொட்டாசியம் இன்னும் வேகமா இறங்கும், இதயத்துடிப்பே தாறுமாறாகலாம்.

மாஹுவாங்னு ஒரு செடி, எஃபெட்ரா, மூச்சுக்குழாய விரிக்கும், அதுல சந்தேகமே இல்ல, 1885ல ஜப்பான் விஞ்ஞானி நாகாய் நாகயோஷி இதுலருந்துதான் எஃபெட்ரின பிரிச்சு எடுத்தாரு. வேலை செய்யற மூலிகை, அதனாலயே ஆபத்தான மூலிகை, படபடப்பு, பிரஷர், தூக்கமின்மை எல்லாம் வரும், அமெரிக்காவுல எஃபெட்ரா போட்ட சத்து மாத்திரைகள 2004ல தடை பண்ணிட்டாங்க. "மூலிகைக்கு பக்கவிளைவு இல்ல"ன்னு சொல்ற ஆள்கிட்ட இந்த ஒரு செடி பத்தி கேளுங்க.

எல்லாத்தவிட மோசமானது அரிஸ்டோலோக்கிக் அமிலம். மாதோலிங்னு ஒரு காய், பல நூறு வருஷமா சீன மருத்துவத்துல இருமலுக்கும் இளைப்புக்கும் குடுத்தது, அரிஸ்டோலோக்கியா கொடியோட காய். இந்த அமிலம் சிறுநீரகத்த சுருக்கி செயலிழக்க வைக்கும், சிறுநீர்ப் பாதையில புற்றுநோய் வரவைக்கும். பெல்ஜியத்துல எடை குறைக்கற மூலிகையில வேற செடிக்கு பதிலா இந்த குடும்பத்து வேர் கலந்துபோய் நூறு பேருக்கு மேல பெண்களோட சிறுநீரகம் பாழாச்சு, 1993ல அந்த விஷயம் வெளிய வந்துச்சு. மனுஷனுக்கு புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியான பட்டியல்ல இது இருக்கு. சீனாவே 2020 மருந்துத்தர நூல்ல மாதோலிங்க நீக்கிடுச்சு. யோசிச்சு பாருங்க, இத்தனை நூறு வருஷம் குடுத்தும் யாருக்கும் தெரியல, ஏன்னா இருமல் இந்த மாசம் நிக்கும், சிறுநீரகம் வருஷம் கழிச்சு போகும், ரெண்டையும் எந்த வைத்தியனும் முடிச்சு போட மாட்டான். "ஆயிரம் வருஷ அனுபவம்"ங்கிற வாதத்துக்கு இதவிட பெரிய பதில் எனக்கு தெரியாது. ஷிஷின்னு இன்னொரு மூலிகையும் அதே குடும்பம், சளி இருமல் மருந்துல வரும், வேர்ல அந்த அமிலம் கம்மி, இலை தண்டுல அதிகம், பொடியா அரைச்சப்புறம் எது வேர் எது தண்டுன்னு யாரு கண்டா?

இன்னொன்னும் உண்டு. "ஒரே வாரத்துல இருமல் போச்சு, அற்புதம்"னு சொல்ற பேர் இல்லாத பொடியில ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்ப எப்பவும் நினைச்சுக்கோங்க, ஆஸ்துமா, மூட்டுவலிக்குன்னு வித்த மூலிகை மருந்துகள்ல டெக்சாமெத்தசோன் மாதிரி ஸ்டீராய்டு கண்டுபிடிச்சது பல நாட்டுல நடந்திருக்கு. முகம் உப்பறது, பசி ஏறுறது, சர்க்கரை திடீர்னு கூடறது இதுக்கு அடையாளம். அப்படி மாசக்கணக்கா எடுத்திருந்தா சட்டுன்னு நிறுத்தவும் கூடாது, டாக்டர்கிட்ட பொடியோட போங்க. பெய் பா கோவா மாதிரி சிரப் பாட்டில்கள் இந்த அளவுக்கு பயமுறுத்தாது, தேனும் சர்க்கரையும் தொண்டைக்கு இதமா இருக்கும், சர்க்கரை வியாதிக்காரங்க கவனிச்சுக்கணும், ஒரு வயசுக்கு கீழ குழந்தைக்கு தேன் கலந்தது எதுவும் கூடாது.

அதனால அம்மாவுக்கு பொடி வேணாம்னுதான் சொல்லுவேன். பிடிவாதமா எடுக்கணும்னா, ஒவ்வொரு சேர்மானமும் தாவரப் பேரோட எழுதின, தயாரிச்ச கம்பெனி பேரும் பேட்ச் நம்பரும் இருக்க பாக்கெட் மட்டும், அத அவங்க டாக்டர்கிட்டயும் காட்டிட்டு, ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கு), பொட்டாசியம், லிவர் டெஸ்ட் எடுத்து ஒரு மாசத்துல திரும்ப எடுக்கணும். ஊசியும் பொடியும் ஒரே வாரத்துல ஆரம்பிக்காதீங்க, நல்லதோ கெட்டதோ எதனால வந்துச்சுன்னே தெரியாது. முதுகுல கடுகு பசை ஒட்டுற பிளாஸ்டர் ஒன்னு சொல்லுவாங்க, வெள்ளைக் கடுகும் இஞ்சிச்சாறும் வெச்சு வெயில் காலத்துல ஒட்டுறது, கொப்புளம் வரும், 58 வயசு தோலுக்கு அவசியமில்ல. தோல்ல கப்ப கவுத்து உறிஞ்ச வைக்கிற கப்பிங்குக்கு இருமல்ல சொல்ற மாதிரி ஒன்னும் இல்ல.

ஊசி ஆரம்பிச்சா இப்படி பண்ணுங்க. இன்ஹேலரோ வேற மருந்தோ டாக்டர் குடுத்திருந்தா அத நிறுத்தாம, வாரம் ஒன்னு ரெண்டு தடவைன்னு ஆறுலருந்து எட்டு தடவ. முதல் ஊசிக்கு முன்னாடியே ரெண்டு வாரம் தினமும் ராத்திரி இருமலுக்கு பத்துக்கு எத்தனைன்னு அம்மாவ மார்க் போட சொல்லுங்க, ராத்திரி எத்தனை தடவ எழுந்தாங்க, போன்ல எவ்ளோ நேரம் பேச முடிஞ்சுதுன்னும் சேர்த்து. லெஸ்டர் இருமல் கேள்வித்தாள்னு ஒன்னு இருக்கு, 19 கேள்வி, 3லருந்து 21 வரைக்கும் மதிப்பெண், அதுல 1.3 கூடினாதான் நோயாளிக்கு உணர்ற அளவு முன்னேற்றம்னு கணக்கு, உங்க டாக்டர்கிட்ட கேட்டா குடுப்பாங்க. எட்டு தடவ முடிஞ்சும் மார்க் நகரலன்னா நிறுத்திடுங்க, "உள்ள வேலை செஞ்சுக்கிட்டு இருக்கு, இன்னும் இருபது தடவ வாங்க"ன்னு சொன்னா கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க.

கூடவே பேச்சுப் பயிற்சி நிபுணர் ஒருத்தர தேடுங்க. இத யாரும் சொல்றதில்ல, எனக்கு ஆச்சரியமா இருக்கும், ஏன்னா காரணம் பிடிபடாத நாள்பட்ட இருமலுக்கு ஊசியவிட இதுக்குத்தான் நல்ல ஆதாரம் இருக்கு, 2006லயே ஆஸ்திரேலியாவுல ஒழுங்கா பண்ணின ஆய்வு வந்தாச்சு. குறுகுறுன்னு வர்றப்பவே இருமாம எச்சிலயோ ஒரு வாய் தண்ணியையோ முழுங்கறது, மூக்கால இழுத்து உதட்ட குவிச்சு மெதுவா ஊதறது, தொண்டைய செருமுற பழக்கத்த விடுறது, குரல்நாண இறுக்காம பேசறது, இதெல்லாம் சொல்லித் தருவாங்க, நாலு தடவ போனா போதும். செருமுறத விடுறதுதான் ரொம்ப கஷ்டம், தான் செருமுறோம்னே தெரியாம நிமிஷத்துக்கு ஒரு தடவ செருமுவாங்க, ஒவ்வொரு செருமலும் குரல்நாண இன்னும் உறுத்தும், அத வீட்ல இருக்கவங்க எடுத்து சொன்னாத்தான் கவனிப்பாங்க.

நீங்க பிரஷர் மாத்திரை பேர எழுதல, அத பாத்து சொல்லுங்க. ஸ்பைரோமெட்ரி எடுத்தாச்சா, ராத்திரி தூக்கத்துல இருமல் வருதா, படுத்தா கூடுதா, இதையும் எழுதுங்க. தூக்கத்துல எழுப்புற இருமல்னா நான் ஆஸ்துமா பக்கம்தான் முதல்ல பாக்க சொல்லுவேன், அக்குபஞ்சர் அதுவரைக்கும் நிக்கட்டும்.